எடை மிகுந்த குழந்தை

அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாநிலத்தில் செவில் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1879-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆனா பேட்ஸ் என்னும் அம்மையாருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மையார் ஏறத்தாழ எட்டடி உயரம் உள்ளவர். அவருடைய கணவரும் அத்தகைய நெடிய உருவினரே. குழந்தையின் எடை 22 ராத்தல். இன்றைய அளவில் ஏறக்குறைய 10 கிலோ. நம் வீடுகளில் ஓராண்டு நிறைந்து காது குத்தும் பருவத்துக் குழந்தையின் எடை அது. பிறந்த குழந்தைகளுள் மிகப் பெரியனவாகப் பதிவு பெற்றவற்றுள் அதுவும் ஒன்று. அத்துணைப் பெரிய குழந்தை 11 மணி நேரமே உயிர் வாழ்ந்தது.

இஃது அரிதினும் அரிய நிகழ்ச்சி. இதனை நம் வீட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிடலாகாது. ஆயினும், பருத்த குழந்தையே நலமான குழந்தை என்று வழிவழியாக நாம் கொண்டுள்ள எண்ணம் முற்றும் சரிதானா என்னும் வினாவை எழுப்புவதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

மாணவ நண்பர்களே! பிள்ளைப்பேற்றைப் பற்றிய பேச்சு மாணவர்களுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உங்கள் வீட்டில் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கலாம். மருத்துவமனையில் கொடுத்த சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, வீட்டில் படித்த பிள்ளை என்ற முறையில் உங்களிடமே வந்து சேரும். “குழந்தை கொஞ்சம் பெரிசா இருக்குதாம்” என்று சொல்லிக்கொண்டு அண்ணி வீடு திரும்பும்போது, அது மகிழ்ச்சிக்குரிய செய்தியா, அச்சத்துக்குரிய செய்தியா என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நான் மருத்துவன் அல்லன். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன். ஆகையால் மருத்துவ அறிஞர்கள் கண்டறிந்து அளந்து வைத்தவற்றைச் சொல்லிச் செல்வேன். எண்கள் வருமிடத்துச் சற்று நின்று பார்ப்பேன்.

முதலில், ‘பெரிய’ என்னும் சொல்லுக்கு அளவு வேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் எடை நம் நாட்டில் பெரும்பாலும் 2.5 கிலோவிற்கும் 3.5 கிலோவிற்கும் இடையே அமைகிறது. 2.5 கிலோவிற்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக நல நிறுவனத்தின் வரையறை. மேல் எல்லைக்கு அவ்வாறு ஒரே கோடு கிடையாது. 4 கிலோ என்பார் சிலர், 4.5 கிலோ என்பார் சிலர். இன்னொரு வழியும் உண்டு. ஒரே வாரக்கணக்கில் பிறந்த 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்துவதாகக் கொள்வோம். வரிசையின் உயர்ந்த முனையில் நிற்கும் 10 குழந்தைகள் ‘அந்த வாரத்துக்குப் பெரியவை’ எனப்படும். வகுப்பில் முதல் பத்து இடம் பெறுபவர் எந்த வகுப்பிலும் இருப்பதுபோல, இந்தப் பத்துப் பேரும் எந்த ஊரிலும் இருப்பர். ஆகவே, பெரியது என்று பெயர் பெற்ற குழந்தைகள் அனைத்தும் நோயுற்றவை அல்ல. நெடிய பெற்றோர்க்கு நெடிய பிள்ளை பிறப்பது இயல்பு.

எடை மிகுவதற்குக் காரணங்கள் பல. பெற்றோரின் உடலமைப்பு ஒன்று. பெண் குழந்தையினும் ஆண் குழந்தை பொதுவாகச் சிறிது எடை கூடியிருக்கும். முதற் பேற்றினும் அடுத்த பேறுகளில் எடை கூடும். குறித்த நாள் கடந்தும் பேறு நிகழாதிருப்பின் குழந்தை மேலும் வளர்ந்துகொண்டே செல்லும். கருவுறுமுன்பே தாய் பருத்த உடலினராக இருத்தலும், கருவுற்றபின் அளவிறந்து எடை ஏறுதலும் காரணங்கள். இவற்றையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், எஞ்சி நிற்கும் ஒரு காரணத்தை அவ்வாறு கடந்து செல்ல இயலாது. அது தாயின் குருதியில் மிகும் சர்க்கரை.

டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்றொரு மருத்துவர் இருந்தார். நீரிழிவுள்ள தாய்மார்களின் குழந்தைகள் ஏன் அவ்வளவு பருத்துப் பிறக்கின்றன, பிறந்த சில மணி நேரத்துக்குள் ஏன் சோர்ந்து துவளுகின்றன என்னும் இரண்டு வினாக்களுக்கும் அவர் 1950-களில் ஒரே விடை கூறினார். அவ்விடையின் அழகே, அது இரண்டு பூட்டுகளையும் ஒரு திறவுகோலால் திறப்பதுதான்.

தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள நஞ்சுக்கொடியை ஒரு சோதனைச் சாவடி என்று வைத்துக்கொள்வோம். தாயின் குருதியும் சேயின் குருதியும் அங்கே ஒன்றோடொன்று கலப்பதில்லை. சில பொருள்கள் மட்டும் மெல்லிய திரை வழியாகக் கடந்து செல்கின்றன. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை கடந்து செல்லும். அந்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் கடந்து செல்லாது. தாயின் குருதியில் சர்க்கரை மிகுந்தால் சேயின் குருதியிலும் மிகும். அதனைச் சமாளிக்கத் தாயின் இன்சுலின் உதவிக்கு வாராது. ஆகவே, சேயின் கணையம் தானே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேமிக்கவும், திசுக்களை வளர்க்கவும் அதுவே ஏவுகிறது. கருப்பையில் இருக்கும் சேய்க்கு அஃது ஒரு வளர்ச்சி உரம்போல் ஆகிவிடுகிறது. குழந்தை பருக்கிறது.

இனி இரண்டாம் வினா. குழந்தை பிறந்து தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும், தாயிடமிருந்து வந்த சர்க்கரை அந்தக் கணமே நின்று போகிறது. ஆனால், மிகுதியாகச் சுரந்து பழகிய கணையம் உடனே நிற்பதில்லை. மடையை அடைத்த பின்னும் ஏற்றம் இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு வற்றுவதுபோல, குழந்தையின் குருதியில் சர்க்கரை விரைந்து குறைகிறது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை பாலுண்ண மறுக்கிறது, நடுங்குகிறது, கவனிக்கப்படாவிடில் வலிப்பும் வரலாம். பருமனைக் கண்டு பாட்டிமார் திருஷ்டி கழிக்கும் நேரத்திலேயே உள்ளே பட்டினி நடந்துகொண்டிருக்கும். இதனால்தான் அத்தகைய குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டுக் குருதி எடுத்து முதல் நாளில் பலமுறை சோதிக்கிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் முதலியவற்றை நாவில் தடவிவிட்டுத் தாய்ப்பாலைத் தள்ளிப்போடும் வழக்கம் எக்குழந்தைக்கும் ஆகாது. இக்குழந்தைக்கு அறவே ஆகாது.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். நெடிய பெற்றோர்க்குப் பிறக்கும் பெரிய குழந்தை உடல் முழுவதும் ஒத்த அளவில் பெரிதாக இருக்கும். சர்க்கரையால் பருத்த குழந்தையோ அவ்வாறன்று. அதன் தலை பெரும்பாலும் இயல்பான அளவே. கொழுப்பு சேர்வது தோளிலும் வயிற்றிலும். பேற்று நேரத்தில் வரும் பெருந்தொல்லைக்கு வித்து இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தாயின் இடுப்பெலும்புகள் ஒரு வளையம்போல் அமைந்துள்ளன. குழந்தை அவ்வளையத்தின் வழியே வெளிவர வேண்டும். பொதுவாகக் குழந்தையின் உடலில் வளையாத பெரும்பகுதி தலையே. தலை வந்துவிட்டால் எஞ்சியவை தாமே வந்துவிடும் என்பது மருத்துவச்சியரின் பட்டறிவு. தோள் பருத்த குழந்தையிடம் இந்த விதி பொய்த்துப் போகலாம். தலை வெளிவந்துவிடும், முன்தோள் தாயின் அடிவயிற்றுக்குக் கீழேயுள்ள முன் எலும்பின் பின்னால் மாட்டிக்கொள்ளும். இதனைத் ‘தோள் சிக்கல்’ என்போம். அந்நிலையில் குழந்தையின் மார்பு நெருக்குண்டு மூச்சு விட இயலாது. தொப்புள்கொடியும் நசுங்கலாம். மருத்துவச்சியின் கையில் இருப்பவை சில நிமிடங்களே.

அச்சில நிமிடங்களில் செய்ய வேண்டியது வலிமையாக இழுப்பதன்று. தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே செல்லும் நரம்புப் பின்னல் நீண்டு கிழியும். வயிற்றின் மேற்புறத்தை அழுத்தினாலும் தோள் எலும்பின்மேல் இன்னும் இறுக மோதும். செய்ய வேண்டியது தாயின் நிலையை மாற்றுவது. தாயின் இரு தொடைகளையும் நன்கு மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தால், இடுப்பு வளையத்தின் சாய்வு மாறித் தோள் வழுவி வர இடம் உண்டாகும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் மெக்ராபர்ட்ஸ் என்பாரின் பெயரால் வழங்கும் இம்முறை 1983-இல் மருத்துவ ஏடுகளில் விளக்கப்பட்டது. அதனுடன் அடிவயிற்றின்மேல், முன் எலும்பை ஒட்டி, ஒருவர் உள்ளங்கையால் அழுத்தித் தோளைத் தள்ளிவிடுவார். பல வேளைகளில் இவ்வளவே போதும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. பயின்ற இரண்டு மூன்று பேர் உடனிருந்தால் போதும். மருத்துவமனைப் பேறு ஏன் நல்லது என்று கேட்போர்க்கு இதனினும் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

பிறிதொரு முறை தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலையில் இருக்கச் செய்வது. இனா மே கேஸ்கின் என்னும் அமெரிக்க மருத்துவச்சி 1976-இல் இதனைக் கற்றுக்கொண்டு தம் நாட்டில் பரப்பினார். அதன் மூலம் குவாத்தமாலா நாட்டுப் பழங்குடி மருத்துவச்சியரின் வழக்கம். இன்று மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. முதலில் அதனைக் கையாண்ட குவாத்தமாலா நாட்டுப் பெண்களின் பெயரால் அன்று.

நரம்புப் பின்னல் ஊறுபட்டால் என்ன ஆகும்? கை தொங்கிவிடும், முழங்கை மடங்காது, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பியிருக்கும். செருமானிய மருத்துவர் எர்ப் என்பவர் இதனை 1874-இல் ஆராய்ந்து விளக்கினார். வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருக்கும் செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் 1859-இல் பிறந்தபோது அவருடைய இடக்கை இவ்வாறு ஊறுபட்டு, வாழ்நாள் முழுதும் வலக்கையினும் குட்டையாகவே இருந்தது. அவர் பிட்டம் முன்னாக வந்த குழந்தை. எடை மிகுந்தமையால் நேர்ந்ததன்று அது. ஆயினும், ஊறுபட்டது அந்த நரம்புப் பின்னலே. படங்களிலும் ஒளிப்படங்களிலும் அவர் இடக்கையை வாளின் பிடியிலோ கையுறையிலோ மறைத்து நிற்பதைக் காணலாம். இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு: இவ்வகை ஊறுகளுள் பெரும்பாலானவை உரிய பயிற்சியால் ஓராண்டுக்குள் சீரடைந்துவிடுகின்றன.

தாய்க்கும் இடர்கள் உண்டு. பேற்று வலி நீளலாம். பிறப்பு வழி கிழியலாம். அளவுக்கு மேல் விரிந்த கருப்பை, குழந்தை பிறந்தபின் உடனே சுருங்காமல் குருதி பெருகலாம். அறுவை மூலம் குழந்தையை எடுக்க நேர்வதும் மிகுதி.

இவ்வளவு இடர்கள் இருப்பின், குழந்தை பெரிதா சிறிதா என்று முன்கூட்டியே அளந்து, பெரிது என்றால் அறுவை செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேதான் கணக்கு வாத்தியாருக்கு வேலை வருகிறது.

கருப்பையில் இருக்கும் குழந்தையைத் தராசில் நிறுக்க முடியாது. செவிலியர் ஓர் அளவு நாடாவால், அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளக்கின்றனர். கருவுற்று 24 வாரமானால் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர், 30 வாரமானால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்று அந்த அளவு வாரக்கணக்கோடு ஒத்துச் செல்லும். மிகுதியாக வேறுபட்டால் மேலும் ஆராய்வர். எளிய நாடா, ஆயினும் மதிப்பு வாய்ந்த நாடா.

அடுத்தது ஸ்கேன். காதுக்குக் கேளாத ஒலியலைகளை வயிற்றுக்குள் செலுத்தி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு படம் அமைப்பது அது. கடலடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் முறையை ஒத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் அயன் டொனால்டும் அவர்தம் துணைவர்களும் இதனைப் பற்றி 1958-இல் வெளியிட்ட கட்டுரை மகப்பேற்று மருத்துவத்தில் ஒரு திருப்பம். ஆனால், ஸ்கேன் எடையைக் காட்டுவதில்லை. அது தலைச் சுற்றளவையும், வயிற்றுச் சுற்றளவையும், தொடையெலும்பின் நீளத்தையும் அளக்கிறது. அவற்றை ஒரு வாய்பாட்டில் இட்டு எடையைக் கணிக்கின்றனர். அந்தக் கணிப்பில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை பிழை நேர்வது இயல்பு. சீட்டில் ‘4 கிலோ’ என்று எழுதியிருந்தால், பிழை நூற்றுக்குப் பத்தாயின் உண்மை எடை 3.6 கிலோவாகவும் இருக்கலாம், 4.4 கிலோவாகவும் இருக்கலாம். ஒன்று எவ்வகையிலும் அஞ்ச வேண்டாத எடை. மற்றொன்று எண்ணிப் பார்க்க வேண்டிய எடை. ஒரே சீட்டு இரண்டையும் குறிக்கிறது!

இன்னும் ஒரு சிக்கல். தோள் சிக்கல் நேரும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி 4 கிலோவிற்குக் குறைந்தவையே. இது முரணாகத் தோன்றலாம். முரண் அன்று. ஒவ்வொரு பெரிய குழந்தைக்கும் இடர் மிகுதி; ஆனால் பெரிய குழந்தைகளின் தொகை குறைவு. சிறிய குழந்தைகளுக்கு இடர் குறைவு. ஆனால் அவர்கள் தொகை மிகுதி. குறைந்த வீதத்தைப் பெருந்தொகையால் பெருக்கினாலும், மிகுந்த வீதத்தைச் சிறுதொகையால் பெருக்கினாலும் விடை ஏறக்குறைய ஒத்து வரக்கூடும். எடையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பேற்றில் தோள் சிக்கும் என்று முன்னுரைக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.

1996-இல் அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் சிலர் ஒரு கணக்குப் போட்டனர். 4.5 கிலோ அல்லது அதற்கு மேல் இருக்கும் என்று கணித்த குழந்தைகளை எல்லாம் அறுவையால் எடுத்தால், நிலையான ஒரு கை முடத்தைத் தடுக்க எத்தனை அறுவை செய்ய வேண்டும்? தாய்க்கு நீரிழிவு இல்லையாயின் 3,695. நீரிழிவு உள்ளதாயின் 443. இவ்விரு எண்களையும் உங்கள் கணக்கேட்டில் அருகருகே எழுதி வைத்துப் பாருங்கள். அறுவையும் இடரற்றதன்று. குருதிப் பெருக்கு, நோய்க்கிருமி, அடுத்த பேற்றில் தழும்பினால் வரும் தொல்லை ஆகியவை அந்த 3,695 தாய்மார்மீதும் படும். ஆகையால் நீரிழிவில்லாத தாய்க்கு எடை ஒன்றையே காட்டி அறுவையை நாட எளிதில் நியாயம் கூற இயலாது. நீரிழிவுள்ள தாய்க்கு நிலைமை வேறு. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் நீரிழிவுள்ளார்க்கு 4.5 கிலோ, இல்லார்க்கு 5 கிலோ என்னும் கணிப்பு எல்லையில்தான் அறுவையைப் பற்றி எண்ணலாம் என்கிறது.

குறித்த நாளுக்குச் சற்று முன்பே மருந்து கொடுத்து வலி வரச் செய்தால், குழந்தை மேலும் வளருமுன் பேறு முடிந்துவிடுமே என்பது இன்னொரு கருத்து. பிரிட்டனில் ஏறக்குறைய 2,900 தாய்மார்களிடம் இதனைச் சோதித்து முடிவை 2025-இல் வெளியிட்டனர். 38-ஆம் வாரத்தில் வலி தூண்டப்பட்ட குழுவில் தோள் சிக்கல் நூற்றுக்கு 2.3, வழக்கம்போல் விட்ட குழுவில் நூற்றுக்கு 3.1. வேறுபாடு சிறிது, தற்செயலாகவும் நேரக்கூடியது. அந்த ஆராய்ச்சியில் வியப்புக்குரிய செய்தி மற்றொன்று: ஸ்கேனில் ‘பெரியது’ என்று சொல்லப்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை பிறந்தபோது பெரியவையாக இல்லை.

இவ்வாறு எல்லாம் ஐயப்பாடாக இருக்குமாயின், தாயிடம் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது, சொன்னால் அஞ்சுவாள் என்று கருதும் மருத்துவரும் உண்டு, மாமியாரும் உண்டு. இதற்கு ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். மான்ட்கோமரி வழக்கு என்று சட்ட நூல்களில் அது பெயர் பெற்றது.

மான்ட்கோமரி அம்மையார் நீரிழிவுள்ளவர். ஐந்தடியைச் சற்றே கடந்த சிறிய உருவினர். அறிவியல் பட்டம் பெற்றவர். குழந்தை பெரிதாக இருக்கிறதே, இயல்பாகப் பெற்றெடுக்க இயலுமா என்று அவர் மருத்துவரிடம் தம் கவலையைத் தெரிவித்தார். நீரிழிவுள்ள தாய்மார்க்குத் தோள் சிக்கல் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 9 முதல் 10 வரை என்பது அம்மருத்துவருக்குத் தெரியும். ஆயினும் அவர் அதனைச் சொல்லவில்லை. சிக்கினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், பெருங்கேடு நேர்வது மிக அரிது. சொன்னால் எல்லாரும் அறுவையே கேட்பர், அது தாய்மார்க்கு நன்றன்று என்பது அவர் கருத்து. கணித்த எடை 3.9 கிலோ. 1999 அக்டோபர் முதல் நாள் குழந்தை பிறந்தபோது எடை 4.25 கிலோ. தலை வந்தபின் தோள் சிக்கியது. உடல் வெளிவர 12 நிமிடங்கள் ஆயின. உயிர்வளி கிட்டாமையால் மூளை ஊறுபட்டு, அக்குழந்தையின் கைகால்கள் நான்கும் பாதிக்கப்பட்டன. ஒரு கையின் நரம்பும் ஊறுபட்டது.

அத்தாய் வழக்குத் தொடுத்தார். இரண்டு நீதிமன்றங்களில் தோற்றார். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது மருத்துவர்கள் தங்களுக்குள் முறை என்று கொண்டதைப் பொறுத்தது என்பதே அதுவரை இருந்த சட்டம். 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பு அளித்தனர். அந்நிலையில் உள்ள ஒருவர் எந்த இடரைப் பெரிதாகக் கருதுவாரோ, அதனை மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும். வேறு வழி உண்டாயின் அதனையும் கூற வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நூற்றில் பத்து என்பது சிறிய எண்ணா, பெரிய எண்ணா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அந்த உடலுக்கு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பு வந்தபோது மகனுக்கு வயது பதினைந்து.

மருத்துவரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர் கணக்கு முழுவதும் தவறன்று. அந்தக் கணக்கை அவர் ஒருவரே போட்டு முடித்ததுதான் தவறு. நம் வீட்டுப் பெண்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்குவர். “டாக்டர் அம்மா, எனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கு? குழந்தை எடை எவ்வளவுன்னு கணிச்சிருக்கீங்க? இயல்பா பெத்துக்கலாமா? தோள் சிக்கினா இங்கே பார்த்துக்க ஆள் இருக்காங்களா?” என்னும் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி அக்காளின் கைப்பையில் வைத்துவிடுவது உங்களால் ஆகும். உடன் சென்று நினைவூட்டுவது இன்னும் நன்று.

கணிப்பில் பிழை உண்டு. அறுவையில் இடர் உண்டு. வலியைத் தூண்டுவதில் பயன் ஐயத்துக்குரியது. எளிதில் அளக்கக் கூடியதும், மாற்றக் கூடியதும் ஒன்று உண்டு: தாயின் சர்க்கரை. நீரிழிவு முன்பு இல்லாத பெண்ணுக்கும் கருவுற்ற காலத்தில் அது தோன்றலாம். நஞ்சுக்கொடி சுரக்கும் நீர்கள் இன்சுலினின் ஆற்றலை மட்டுப்படுத்துகின்றன. அதனை ஈடுசெய்யத் தாயின் கணையத்தால் இயலாதபோது சர்க்கரை ஏறுகிறது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையில் பணிபுரிந்த நீரிழிவு மருத்துவப் பேராசிரியர் வீ. சேஷையாவும் அவர்தம் குழுவினரும் நம் நாட்டுக்கு ஏற்ற எளிய சோதனை ஒன்றை வகுத்தனர். காலையில் வெறும் வயிற்றோடு வா, மூன்று முறை குருதி கொடு என்றால், பத்துக் கல் நடந்து வரும் கிராமத்துப் பெண் மறுமுறை வரமாட்டாள். ஆகவே, உண்டு வந்திருந்தாலும் உண்ணாமல் வந்திருந்தாலும், 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை குருதி எடுத்தல். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் கருக்கால நீரிழிவு எனக் கொள்ளல் என்பது அச்சோதனை. 2007-இல் தமிழக அரசு கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை வேண்டும் என ஆணையிட்டது. பின்னர் இந்திய அரசும் இம்முறையை ஏற்றுக்கொண்டது. முதல் வருகையில் ஒருமுறை, அப்பொழுது இயல்பாக இருப்பின் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. 2008-இல் வெளியான அவர்களது ஆய்வில் கருக்கால நீரிழிவு தமிழகத்து நகரங்களில் நூற்றுக்கு 17.8, கிராமங்களில் 9.9 எனக் காணப்பட்டது. கிராமத்திலும் பத்தில் ஒருவர்!

சோதித்துக் கண்டபின் மருத்துவம் பயன் தருமா? ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1,000 தாய்மார்களிடம் ஆராய்ந்து 2005-இல் விடை கூறினர். மருத்துவம் பெறாத குழுவில் 4 கிலோவும் அதற்கு மேலுமாகப் பிறந்தவை நூற்றுக்கு 21. மருத்துவம் பெற்ற குழுவில் 10. பெருங்கேடுகள் நூற்றுக்கு 4-லிருந்து 1-ஆகக் குறைந்தன. மருத்துவம் என்றால் பலருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே. அவற்றால் அடங்காதபோது மட்டும் மருந்தோ இன்சுலினோ.

உணவைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான வழக்கங்கள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. ஒன்று, ‘இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்’ என்று சோற்றையும் இனிப்பையும் திணிப்பது. வளைகாப்புக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு தட்டு இனிப்பு கொண்டுவருவர். மற்றொன்று, குழந்தை பெருத்துவிட்டால் பேறு கடினமாகும் என்று கடைசி மாதங்களில் தாயின் உணவைக் குறைப்பது. இரண்டில் எது கொடிது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். நம் நாட்டில் எடை மிகுந்து பிறக்கும் குழந்தைகளினும் எடை குறைந்து பிறப்பவையே மிகப் பல. பட்டினி கிடந்து பெற்ற பிள்ளை தாய்க்கு எளிதாகப் பிறக்கலாம். பிறந்தபின் அதன் போராட்டம் எளிதன்று.

சர்க்கரை மிகுந்த தாயும் குறைத்து உண்ண வேண்டுவதில்லை. பிரித்து உண்ண வேண்டும். மூன்று வேளை நிறையச் சோறு என்பதை மாற்றி ஐந்தாறு வேளை சிறிது சிறிதாக உண்ணலாம். சோற்றைக் குறைத்த இடத்தில் பயறு, கீரை, காய்கறி, முட்டை, மீன் வரலாம். சர்க்கரையிட்ட பழச்சாறு வேண்டா. பழத்தைக் கடித்து உண்ணலாம். கேழ்வரகு நல்லது என்று மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடம் குடமாகக் குடிப்பாரும் உண்டு. அரைத்துக் குழைத்த கஞ்சி எத்தானியத்தினதாயினும் விரைந்து சர்க்கரையாகும். உணவுக்குப்பின் சிறிது நடை நன்று.

கருக்கால நீரிழிவு பேற்றோடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால், அத்தாய்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களினும் மிகுதி. அக்குழந்தைக்கும் வளர்ந்தபின் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே, பேறு முடிந்து ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார் மருத்துவமனைக்கு அலைவது என்று பலர் இதனை விட்டுவிடுகின்றனர். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளும் அதே ஆறாம் வாரத்தில்தான் வருகிறது. இரண்டையும் ஒரே நடையில் முடித்துக்கொண்டு வரலாம்.